பனி பொய்க்கும் காலத்தில் நம் கடன்

தை பிறக்கும் நாளில் லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் பொங்கல் பானைகள் அடுப்பேறுகின்றன. கரும்புக் கட்டுகள் சாத்தி வைக்கப்படுகின்றன. பண்ணையிலிருந்து வந்த மாடுகளையும் கன்றுகளையும் பிள்ளைகள் சூழ்ந்து நிற்கிறார்கள். சுற்றுவட்டாரத்தில் ஒரு வயல் கிடையாது. உண்பதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கடல் கடந்து வரும் நாடு இது. தமிழகத்தில் தை என்றால் மழை ஓய்ந்து கதிர் சாய்ந்த காலம். இங்கே அதே நாள்கள் வடகிழக்குப் பருவமழையின் நடுவே வருகின்றன. 2025இல் பொங்கலுக்குச் சற்று முன், ஜனவரி 10, 11 ஆகிய இரண்டே நாள்களில் சாங்கியில் கொட்டிய மழை, ஜனவரி மாதம் முழுமைக்குமான சராசரியைத் தாண்டிவிட்டது. பருவத்தைப் பிரிந்து விழாவை மட்டும் கைக்கொண்டு வாழ்வது சிங்கப்பூர்த் தமிழருக்குத் தலைமுறைப் பழக்கம். அந்தப் பொங்கலை வெறும் சடங்கு என்று சிலர் சொல்வதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. பானைக்குள் இருக்கும் அரிசி எங்கோ ஒரு வயலில், ஏதோ ஒரு பருவம் தவறாமல் வந்ததால் விளைந்தது. அதற்கு நன்றி சொல்லும் இடம்தான் மாறியிருக்கிறது. நன்றி உண்மையானது, யாரும் கேம்பல் லேனில் அட்டையால் ஒரு வயலைக் கட்டி அதை வயல் என்று நம்பச் சொல்லவில்லை. இந்த நேர்மை முக்கியமானது, கட்டுரையின் பிற்பகுதிக்கு இது வேண்டும்.

பருவத்துக்கும் அதை நம்பி நாம் செய்வனவற்றுக்கும் உள்ள உறவு இப்போது பனியின் வழியாகச் சோதனைக்கு வந்திருக்கிறது. பூமத்திய ரேகையை ஒட்டிய இந்தத் தீவில் பனிக்காலம் என்று ஒன்று இல்லை. பனியின் மேல் ஆசை மட்டும் நிறைய உண்டு. 2000ஆம் ஆண்டில் ஜூரோங்கில் திறக்கப்பட்ட ஸ்னோ சிட்டி, பூஜ்யத்துக்கு 5 டிகிரி கீழே குளிரூட்டிய கூடத்துக்குள் அந்த ஆசையை விற்றது. டிசம்பர் பள்ளி விடுமுறையில் வசதியுள்ள குடும்பங்கள் ஹொக்கைடோவுக்கும் கொரியாவுக்கும் காஷ்மீருக்கும் பறக்கின்றன. பயணத் திட்டங்களில் ஸ்னோமொபைல் சவாரி ஒரு தனிக் கவர்ச்சி. முன்னே இரண்டு சறுக்குப் பலகைகள், பின்னே சுழலும் ரப்பர்ப் பட்டை, நடுவே ஒரு பெட்ரோல் இயந்திரம்: பனிமேட்டில் மோட்டார் சைக்கிளின் வேகத்தைத் தரும் வண்டி அது. இந்தியாவில் இதற்குப் பெயர்பெற்ற இடம் குல்மார்க். 2024 ஜனவரியில் அந்தக் குல்மார்க் சரிவுகள் பனியின்றிப் பழுப்பாகக் கிடந்தன. காஷ்மீரிகள் ‘சில்லைக் கலான்’ என்று அழைக்கும், டிசம்பர் 21இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிர், பெயருக்கு மட்டும் வந்து போயிற்று. மறு ஆண்டு பிப்ரவரியில் அங்கே நடக்கவேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின.

இதைச் சுற்றுலாத் துறையின் கவலை என்றோ பொறியாளர்கள் தீர்க்கவேண்டிய சிக்கல் என்றோ ஒதுக்கிவிடலாம். எனக்கு இது முதன்மையாகச் சமயத்தின் கேள்வியாகப் படுகிறது. கொடையாக வந்துகொண்டிருந்த ஒன்று வராமல் போகத் தொடங்கும்போது, அதை வைத்து நாம் அமைத்துக்கொண்ட இன்பத்துக்கு என்ன உரிமை மிஞ்சுகிறது? அந்தக் கொடையை நாமே தயாரித்துக்கொள்ளலாமா? அது இன்னும் மிச்சமிருக்கும் இடத்தைத் தேடித் துரத்தலாமா? அல்லது கையை மடக்கிக்கொள்வதுதான் முறையா? வள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாக வான் சிறப்பை வைத்தார். வானம் வறண்டால் வானோர்க்கு எடுக்கும் விழாவும் பூசையும்கூட நடவா என்பது அங்கே அவர் தெளிவாகச் சொல்லும் செய்தி. வழிபாடே பருவத்தின் மேல் நிற்கிறது என்று ஒப்புக்கொண்ட மரபு நம்முடையது. ஆகவே பருவம் தவறுவதைப் பற்றி நம் சமயத்துக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை.

முதலில் அந்த வண்டிக்கு நியாயம் செய்துவிட வேண்டும், ஏனென்றால் அதன் பிறப்பு இரக்கத்தில் நிகழ்ந்தது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் வால்கூர் என்ற சிற்றூரில் ஜோசப் அர்மான் பொம்பார்டியே என்ற இயந்திரத் தொழிலாளர் இருந்தார். 1934 குளிர்காலத்தில் அவருடைய சிறு மகன் நோயுற்றான்; பனி மூடிய சாலைகளைக் கடந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியின்றிக் குழந்தை இறந்தது. பனியில் ஓடும் வண்டியைப் பற்றி முன்பே முயன்றுகொண்டிருந்த அந்தத் தந்தை 1937இல் தமது பல்சக்கரப் பட்டை அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். ஏழு பேர் அமரக்கூடிய அவருடைய வண்டிகள் மருத்துவர்களையும் அஞ்சலையும் பள்ளிப் பிள்ளைகளையும் சுமந்தன. 1948இல் கியூபெக் அரசு குளிர்காலத்திலும் நாட்டுப்புறச் சாலைகளின் பனியை அகற்றத் தொடங்கியதும் பெரிய வண்டிகளுக்குத் தேவை குறைந்தது. அவர் வேறு வடிவங்களைத் தேடினார். 1959இல் இருவர் ஏறக்கூடிய சிறிய ‘ஸ்கி டூ’ வந்தது. அதன் முதல் வண்டிகளுள் ஒன்று வட ஒண்டாரியோவில் பழங்குடியினரிடையே பணியாற்றிய ஒரு கத்தோலிக்கப் பாதிரியாருக்குப் போயிற்று. அதற்குப் பின் சில ஆண்டுகளிலேயே அது செல்வ நாடுகளின் வார இறுதிக் கேளிக்கையாகிவிட்டது. வடதுருவ வட்டாரத்தில் வாழும் சாமி மக்களின் மான் மேய்ச்சலிலும் இன்யூட் மக்களின் வேட்டையிலும் அதே வண்டி வாழ்வாதாரமாக நிலைத்தது. ஒரே இயந்திரம், ஒரு கையில் பிழைப்பு, இன்னொரு கையில் பொழுதுபோக்கு. இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பேசுவது எவ்வளவு தவறோ, பொழுதுபோக்கைக் காப்பாற்றப் பிழைப்பை முன்னே நிறுத்துவதும் அவ்வளவு தவறு.

பொழுதுபோக்காக அந்த வண்டியின் எதிர்காலம் மங்கலானது என்பதற்கு ஆழ்ந்த ஆராய்ச்சி தேவைப்படவில்லை. கியூபெக்கில் மட்டும் 30,000 கிலோமீட்டருக்கு மேல் ஸ்னோமொபைல் தடங்கள் இருக்கின்றன. 2023–24 குளிர்காலத்தில் வட அமெரிக்காவின் பெரிய ஏரிகளைச் சுற்றிய பகுதிகளில் பனி மிகக் குறைவாக விழுந்ததால் பல தடங்கள் பருவம் முழுவதும் ஏறக்குறைய மூடியே கிடந்தன. பனிச்சறுக்கு மைதானம் என்றால் ஒரு சரிவுக்குச் செயற்கைப் பனி தூவிவிடலாம். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் கிட்டத்தட்ட முழுவதும் அப்படித்தான் நடந்தது. காடும் ஏரியும் கடந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும் தடத்துக்கு யார் பனி தூவ முடியும்? செயற்கைப் பனி செய்யவும் காற்று உறைநிலைக்குக் கீழே இருக்க வேண்டும். எந்த நாளில் அது மிகவும் தேவைப்படுகிறதோ அந்த நாளில்தான் அது கைவிடும். அலாஸ்காவின் இடிடராட் நாய்வண்டிப் போட்டிக்கு 2016இல் ஆங்கரேஜ் நகரத் தெருக்களில் விரிக்க ரயிலில் பனி கொண்டுவந்தார்கள். 2003, 2015, 2017, 2025 ஆகிய ஆண்டுகளில் போட்டியின் தொடக்கத்தையே வடக்கே ஃபேர்பேங்க்ஸுக்கு மாற்றினார்கள். தயாரிப்பது, துரத்துவது என்று நான் மேலே சொன்ன இரண்டும் இப்படித்தான் நடக்கின்றன.

இப்போது சமயத்தின் பக்கம் வருகிறேன். பனியை நேராக வணங்கும் மரபு சைவத்திலேயே இருக்கிறது. காஷ்மீர் இமயத்தில் சுமார் 3,880 மீட்டர் உயரத்தில் அமர்நாத் குகை. கூரையிலிருந்து சொட்டும் நீர் உறைந்து தரையிலிருந்து மேலெழும்பி இலிங்க வடிவம் கொள்கிறது. கோடையில் யாத்திரை தொடங்கும். 2024இல் 5 இலட்சத்துக்கும் மேலானோர் தரிசித்தனர். அந்த ஆண்டு யாத்திரை ஜூன் 29இல் தொடங்க, ஏறத்தாழ ஒரு வாரத்திலேயே இலிங்கம் கரைந்துபோயிற்று. முன்பும் பல ஆண்டுகளில் யாத்திரை முடியுமுன்பே கரைந்திருக்கிறது. குகை வாயிலில் குவியும் கூட்டத்தின் உடற்சூடு ஒரு காரணம், மாறிவரும் வெப்பநிலை இன்னொரு காரணம் என்று பேசப்படுகிறது. இரண்டும் மனிதர் காரணமாகவே வருகின்றன என்பதை மறுப்பது கடினம். 2006இல் இலிங்கம் சரிவர உருவாகாதபோது, வெளியிலிருந்து பனி கொண்டுவந்து கையால் வடித்துவிட்டார்கள் என்ற புகார் எழுந்தது. எழுந்த கொந்தளிப்பு சாதாரணமானதன்று. புகாரின் உண்மை எதுவாக இருந்தாலும், பக்தர்களின் அந்தக் கோபம் எனக்கு மிகப் பெரிய சான்றாகத் தெரிகிறது. கையால் செய்த இலிங்கத்தை அன்றாடம் வணங்கும் மக்கள், இந்த ஒன்றைக் கையால் செய்ததாகக் கேட்டதும் ஏன் துடித்தார்கள்?

ஆகமங்களும் தலபுராணங்களும் இதற்கு விடை வைத்திருக்கின்றன. இலிங்கங்களுள் தானே தோன்றியது சுயம்பு. மனிதர் வடித்து, மந்திரத்தால் நிறுவுவது பிரதிஷ்டை. மணலாலும் மாவாலும் வெண்ணெயாலும் ஒரு பூசைக்கென்று செய்து, பூசை முடிந்ததும் கரைத்துவிடுவது க்ஷணிக லிங்கம். மூன்றும் வணக்கத்துக்குரியவை. ஒன்றை மற்றொன்றின் பெயரில் காட்டுவதுதான் குற்றம். சிங்கப்பூரிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. ஆர்ச்சர்ட் சாலையில் நெடுங்காலம் இருந்த ஸ்ரீ சிவன் கோவில், பெருவிரைவு ரயில் பணிக்காக 1983இல் அங்கிருந்து எழுந்தது. சிராங்கூன் சாலையில் பெருமாள் கோவிலுக்கு அருகே சில ஆண்டுகள் தற்காலிகமாக இருந்தது. 1993இல் கேலாங் ஈஸ்டில் புதுக் கோவிலாக நிலைத்தது. இடம் மாறியதால் இறைமை குறைந்தது என்று எந்த அடியாரும் சொல்லவில்லை. பிரதிஷ்டை செய்யப்பட்டது, முறைப்படி வேறிடத்தில் மீண்டும் பிரதிஷ்டை செய்யப்படலாம். சுயம்புவை அப்படிச் செய்ய முடியாது. அது வந்தால் வணங்கலாம். வராவிட்டால் வராததை ஏற்கலாம். மனிதரின் விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் வருகிறது என்பதே அதன் பெருமை. பக்தர்கள் துடித்தது, கொடுப்பவனின் கையைப் பிடித்து இழுத்துக் கொடுக்கச் செய்ததுபோல் அது இருந்ததால்தான்.

பருவங்கள் எல்லாம் இந்தப் பொருளில் சுயம்புவானவை. ஆண்டுதோறும் தவறாமல் வந்ததால் நாம் அவற்றை நமக்கு வரவேண்டிய பாக்கி என்று எண்ணப் பழகிவிட்டோம். கொடை உரிமையாகிப்போன மனநிலையிலிருந்துதான் பனியைத் தயாரிக்கும் எண்ணமும் துரத்தும் எண்ணமும் பிறக்கின்றன. என் வாதம் இதுதான்: கொடை குறையும்போது, கொடையின் மேல் கட்டிய வழிபாடும் விளையாட்டும் தம் வடிவத்தைக் குறைத்துக்கொள்ளக் கடமைப்பட்டவை, கொடையைப் போலியாக்க அவற்றுக்கு உரிமையில்லை, கொடை இன்னும் வேகமாக மறையக் காரணமாகும் இன்பத்தை முதலில் கைவிட வேண்டியவர்கள், அது இல்லாமல் மிக எளிதாக வாழக்கூடியவர்கள். சிங்கப்பூரிலிருந்து பனிச் சவாரிக்குப் பறக்கும் நாம் அந்தக் கடைசி வகையைச் சேர்ந்தவர்கள். சாமி மேய்ப்பருக்கு அந்த வண்டி வேண்டும். மலை மீட்புக் குழுவுக்கு வேண்டும். நமக்கு அது அரை மணி நேரக் குதூகலம்.

வேறு சமயங்கள் இந்தச் சோதனையை எப்படிச் சந்தித்தன என்பதும் இங்கே உதவும். ஜப்பானின் நகானோ மாநிலத்தில் சுவா என்று ஓர் ஏரி. குளிர்காலத்தில் அது முழுவதும் உறைந்து, பனிக்கட்டி பிளந்து, கரைக்குக் கரை ஒரு முகடு எழும்பும். ஒரு கரையிலுள்ள ஆண் தெய்வம் மறுகரையிலுள்ள தேவியைக் காண நடந்துபோன தடம் அது என்பது ஷின்டோ நம்பிக்கை. 1443இலிருந்து ஆண்டுதோறும் அது வந்ததா இல்லையா என்று கோவிலார் எழுதி வைத்திருக்கிறார்கள்; பருவநிலை அறிஞர்களுக்கு இன்று அது ஈடற்ற ஆவணம். கடைசியாக அந்த முகடு எழுந்தது 2018இல். அதன்பின் வந்த குளிர்காலங்களிலும் யாத்சுருகி ஆலயத்தின் பூசாரி விடியலில் ஏரிக்கரைக்குப் போய், வெப்பநிலை அளந்து, ‘திறந்த நீர்’ என்று ஏட்டில் பதிகிறார். இயந்திரம் வைத்து உறைய வைக்கவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வராமையைப் பதிவதே அவருடைய வழிபாடாகிவிட்டது. ஆறு நூற்றாண்டு பழமையான ஒரு பக்தி, தெய்வம் வராத ஆண்டிலும் பொய் சொல்லாமல் நிற்பதைவிடப் பெரிய சமய அறம் எனக்குத் தெரியவில்லை.

சுவிட்சர்லாந்தின் ஃபீஷ் கிராமத்தாரின் கதை எதிர்த் திசையிலிருந்து தொடங்குகிறது. அலெட்ச் பனியாறு வளர்ந்து வெள்ளத்தால் தங்களை அழித்துவிடக் கூடாது என்று 1678இல் அவர்கள் நேர்ந்துகொண்டார்கள். ஒழுக்கமாக வாழ்வோம் என்பதும் அந்த நேர்த்தியின் பகுதி. முந்நூறு ஆண்டுகளுக்குப் பின், பனியாறு சுருங்கிக்கொண்டே போவதைக் கண்டு, வேண்டுதலைத் திருப்பிக்கொள்ள வத்திக்கானிடம் அனுமதி கேட்டு 2010இல் பெற்றார்கள். இப்போது பனியாறு நிலைக்கவேண்டும் என்று வேண்டுகிறார்கள். பெருவில் கொய்யூர் ரித்தி திருவிழாவில் பனியாற்றிலிருந்து பனிக்கட்டியை வெட்டி முதுகில் சுமந்து இறங்குவது நெடுநாள் வழக்கம், அந்த நீர் நோய் தீர்க்கும் என்பது நம்பிக்கை. பனியாறு பின்வாங்குவதைக் கண்ட அடியார்கள் தாங்களே அந்த வழக்கத்தை நிறுத்திக்கொண்டார்கள். விழா நிற்கவில்லை, எடுப்பது மட்டும் நின்றது. தமிழகத்தில் 2019 கோடையில் சென்னை வறண்டபோது, மழை வேண்டிக் கோவில்களில் யாகம் செய்யுமாறு அறநிலையத் துறை சுற்றறிக்கை விட்டதைப் பலர் குறைசொன்னார்கள். வேண்டுதலில் நான் குறை காணவில்லை. கேட்பது கொடுப்பவரின் உரிமையை ஒப்புக்கொள்ளும் செயல். ஆனால் ஃபீஷ் மக்கள் நேர்த்தியோடு வாழ்க்கையையும் சேர்த்தார்கள், பெருவின் அடியார்கள் கையை மடக்கினார்கள். ஏரிகளைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பிய நகரத்தின் யாகத்தில் அந்தப் பாதி இல்லாமல் போயிற்று.

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. சிங்கப்பூரே தயாரித்த பருவத்தில் வாழும் நகரம், குளிர்சாதனம் இல்லாமல் இந்த நாடு இப்படி வளர்ந்திருக்காது என்று அதன் முதல் பிரதமரே சொன்னாரே, அப்படிப்பட்ட ஊரிலிருந்து பனியைத் தயாரிக்கக் கூடாது என்று பேசத் தகுதி உண்டா என்று கேட்கலாம். சரியான கேள்வி. இதற்கு என் பதில், குளிர்சாதன அறை தன்னைக் குளிர்காலம் என்று சொல்லிக்கொள்வதில்லை என்பதோடு முடியாது. அதுவும் மின்சாரம் தின்கிறது, அதன் வெப்பத்தைத் தெருவில் நடப்பவர் மேல் கொட்டுகிறது. 2023 மே 13இல் அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவாகி, நாற்பது ஆண்டுப் பழைய உச்சத்தைத் தொட்டது. அந்த வெயிலில் முதியவர் ஒருவரின் அறையைக் குளிரவைப்பது தேவை. தேவையையும் இன்பத்தையும் ஒரே தட்டில் வைக்காமல் பிரித்துப் பார்க்கச் சொல்வதுதான் அறநூல்களின் முதற்பாடம். குளிர்சாதனத்தையும் அளவோடு வைக்கவேண்டும் என்பதை ஏற்கிறேன். ஒரு குறை இருப்பது இன்னொரு குறைக்கு அனுமதிச் சீட்டு ஆகாது.

ஒரு குடும்பத்தின் பயணத்தால் இமயம் உருகிவிடுமா என்பது அடுத்த மறுப்பு. தனித்துப் பார்த்தால் உருகாது. ஆனால் வினையைப் பற்றிய நம் சிந்தனை, ஒரு செயலின் பொறுப்பை அதன் பங்கு எவ்வளவு சிறியது என்று அளந்து தள்ளுபடி செய்வதில்லை. நூறு பேர் சேர்ந்து செய்த தீங்கில் நூற்றிலொரு பங்குதான் என்னுடையது என்று சொல்பவன், தீங்கில் தனக்குப் பங்கு உண்டென்பதை ஒப்புக்கொண்டே சொல்கிறான். சிங்கப்பூர் 2019இலிருந்து கரிம வரி வாங்குகிறது. டன்னுக்கு 5 வெள்ளியாக இருந்தது 2024இல் 25 வெள்ளியாகியது. சாங்கியிலிருந்து புறப்படும் பயணிகளிடம் பசுமை எரிபொருளுக்கென ஒரு தீர்வை வாங்கவும் அரசு முடிவெடுத்திருக்கிறது. சிறு பங்குக்கும் கணக்கு உண்டு என்று அரசே ஏற்றுக்கொண்ட பின், பக்தியுள்ளவர்கள் அதைவிடக் குறைந்த அளவுகோலை வைத்துக்கொள்வது பொருந்தாது. அந்தக் கணக்கு நமக்கே திரும்பியும் வரும். 2024 ஜனவரியில் வெளியான மூன்றாம் தேசியப் பருவநிலை ஆய்வு, இந்நூற்றாண்டின் இறுதிக்குள் இங்கே சராசரி வெப்பம் 0.6 முதல் 5 டிகிரி வரை கூடலாம், கடல் மட்டம் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்கிறது.

மின்சார ஸ்னோமொபைல் வந்துவிட்டதே, புகையும் இரைச்சலும் போய்விடுமே என்கிறார்கள். வந்திருப்பது உண்மை, நல்லதும்கூட. மேய்ப்பருக்கும் மீட்புக் குழுவுக்கும் அது பயன்படட்டும். அத்துறையில் முன்னோடியான கனடாவின் டைகா நிறுவனம் 2024இல் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பு கோரவேண்டி வந்தது என்பதையும் மறக்கக் கூடாது. அது வெற்றி பெற்றாலும், சத்தமில்லாத வண்டிக்கும் பனி வேண்டும். அந்தப் பனியிடம் போகச் சாங்கியிலிருந்து ஏழு மணி நேரம் எரியும் எரிபொருளை எந்த மின்கலமும் இன்னும் ஈடுசெய்யவில்லை.

குல்மார்க்கில் வண்டி ஓட்டியும் சறுக்குப் பலகை இழுத்தும் பிழைப்பவர்களை என்ன செய்வது என்பதே என்னை அதிகம் நிறுத்தும் மறுப்பு. அவர்கள் பெயரால் பேச எனக்கு உரிமை குறைவு. ஆனாலும் ஒன்று தெளிவு: 2024 ஜனவரியில் அவர்களுடைய வருமானத்தைப் பறித்தது யாருடைய நியாயப் பேச்சும் அன்று, வராத பனிதான். அந்தப் பனி வண்டி ஓடுவதற்காக மட்டும் விழுவதன்று. சில்லைக் கலானில் மலையில் சேரும் பனி கோடையில் மெல்ல உருகி ஜீலம் ஆற்றுக்கு நீராகிறது; ஆப்பிள் தோட்டங்களும் பாம்போரின் குங்குமப்பூ வயல்களும் அந்த நீரையும் ஈரத்தையும் நம்பியவை. பனிவண்டிக் கட்டணத்துக்குச் செலவழிப்பதை அந்த மக்களின் விடுதியிலும் கைவினையிலும் பழத்திலும் வசந்த கால நடைபயணத்திலும் செலவழிக்கத் தடை ஏதுமில்லை.

எல்லாம் இறைவன் சித்தம், உருகுவதும் உறைவதும் அவன் திருவிளையாடல், மனிதர் இதில் யார் என்று சில அடியார்கள் சொல்வதுண்டு. இந்த நிலையை நான் மதிக்கிறேன், ஆனால் இதை முழுவதும் நம்பினால் விளைவையும் முழுவதும் ஏற்கவேண்டும். இலிங்கம் கரைவது அவன் சித்தமானால், கரைந்த பின் தரிசனம் போதும் என்று திரும்புவதும் அவன் சித்தத்துக்கு அடங்குவதே. 1996 ஆகஸ்டில் பனிப்புயலில் சிக்கி 240க்கும் மேற்பட்ட அமர்நாத் யாத்திரிகர்கள் இறந்தபின், அரசு அமைத்த நிதிஷ் சென்குப்தா குழு யாத்திரிகர் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கச் சொன்னது. ஒரு பருவத்துக்கு ஓர் இலட்சம் பேர் என்பது அதன் பரிந்துரை. 2024இல் அதைப் போல் ஐந்து மடங்கு கூட்டம் போயிற்று; ஹெலிகாப்டர்களும் பறந்தன. 2022 ஜூலையில் குகைக்கு அருகே திடீர் வெள்ளம் கூடாரங்களை அடித்துச் சென்று பலரைப் பலிகொண்டது. இறைவன் சித்தத்தின் பேரில் இந்த நெரிசலை நியாயப்படுத்துவது பக்தியின் குரலாக எனக்குக் கேட்கவில்லை. நான் பார்த்தே தீரவேண்டும் என்ற ஆணவ மலத்தின் குரலாகவே கேட்கிறது. சைவ சித்தாந்தம் கட்டறுக்கச் சொல்லும் மும்மலங்களில் முதலாவது அதுதான்.

இவ்வளவும் சொன்ன பின் ஜூரோங்கின் பனிக்கூடத்தை என்ன சொல்வது? அது தன்னைப் பனிக்காலம் என்று சொல்லிக்கொள்ளாத, நேர்மையான செய்பொருள். க்ஷணிக லிங்கத்தின் நேர்மை அதில் உண்டு. அதன் மின்கட்டணமும் உண்மை. பிள்ளைகள் பனியைத் தொட்டுப் பார்க்க ஒரு சிறு கூடம் போதும் என்றால், ஒரு விமானம் நிறையக் குடும்பங்கள் பறப்பதைவிட அது குறைந்த தீங்கு. பொழுதுபோக்கு ஸ்னோமொபைலை நான் அப்படிப் பார்க்கவில்லை. அது இயல்பான பனியின் பெயரில் விற்கப்பட்டு, அந்தப் பனியையே தின்று, அது இல்லாத இடங்களைவிட்டு இன்னும் உயரத்துக்கும் வடக்கேயும் ஏறிக்கொண்டிருக்கிறது. அதற்கு நீண்ட எதிர்காலம் இல்லை. இருக்கவேண்டும் என்று விரும்பவும் எனக்குக் காரணம் தெரியவில்லை.

சிராங்கூன் சாலையில் யாத்திரையும் சுற்றுலாவும் ஏற்பாடு செய்யும் முகவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அமர்நாத் போகும் குழுக்களைச் சிறிதாக வையுங்கள், ஹெலிகாப்டர் இருந்தால் அதை நடக்க இயலாதவர்களுக்கு மட்டும் விடுங்கள், இலிங்கம் கரைந்திருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கோவில் நிர்வாகங்கள் தைப் பொங்கலன்று, அந்த ஆண்டு மழை எப்படி வந்தது, பனி எங்கே பொய்த்தது என்று மேடையில் ஐந்து நிமிடம் சொல்லட்டும். பருவத்துக்கு நன்றி சொல்லும் நாளில் பருவத்தின் நலம் விசாரிப்பது பொருத்தமே. இதைப் படிக்கும் உங்களிடம் கேட்பது இன்னும் சிறியது. வரும் டிசம்பர் விடுமுறைக்கு யாராவது ஒரு பயணத் திட்டத்தை நீட்டினால், அதில் ஸ்னோமொபைல் சவாரி என்று எழுதியிருக்கும் வரியை அடித்துவிடச் சொல்லுங்கள்.